வீட்டு நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டரைக் கண்டுபிடித்துத் திறப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மாடி அறை டெஸ்க்டாப்பில் பத்து வருடப் போட்டோக்கள் கிடக்கின்றன. ஹாலில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, இடது பக்கம் அடியில் இருக்கும் 'நெட்வொர்க்' என்பதைச் சொடுக்குகிறோம். ரவுட்டர் தெரிகிறது, டிவி தெரிகிறது, யாருடையது என்றே புரியாத ஒரு போன்கூடத் தெரிகிறது. டெஸ்க்டாப்பை மட்டும் காணோம். இரண்டு மூன்று தடவை ரீஃப்ரெஷ் செய்து பார்த்துவிட்டு, பென்டிரைவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

இதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் கலந்து கிடக்கின்றன. கணினி பட்டியலில் தெரியாதது ஒன்று. தெரிந்தும் உள்ளே விடாமல் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருப்பது இன்னொன்று. முதலாவதைச் சரிசெய்வதில்தான் எல்லோரும் மணிக்கணக்கில் நேரத்தைத் தொலைக்கிறார்கள். உண்மையில் அதைச் சரிசெய்யாமலே உள்ளே போய்விடலாம். வாசலில் பெயர்ப்பலகை இல்லாவிட்டால் என்ன, கதவு எண் தெரிந்தால் வீட்டுக்குப் போய்விடுகிறோம் அல்லவா? அந்தக் கதவு எண்தான் ஐபி முகவரி. இந்த வழிகாட்டி முழுக்க அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

விண்டோஸ் 11-ஐ வைத்து எழுதுகிறேன். விண்டோஸ் 10-இல் மெனுக்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கும், விஷயம் அதேதான். ஃபோல்டர் இருக்கும் கணினியை டெஸ்க்டாப் என்றும், அதைத் திறக்கப் போகும் கணினியை லேப்டாப் என்றும் வைத்துக்கொள்வோம்.

இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா?

'ஒரே வீடு, ஒரே வைஃபைதானே' என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இரண்டு கணினிகளிலும் செட்டிங்ஸுக்குள் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போங்கள். வைஃபையில் இருந்தால் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸ், கேபிளில் இருந்தால் ஈதர்நெட். அங்கே 'ஐபிவி4 அட்ரஸ்' என்ற வரியில் இருக்கும் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்புக்கு 192.168.1.10, லேப்டாப்புக்கு 192.168.1.23 என்பதுபோல முதல் மூன்று எண்களும் ஒத்துப்போனால் நல்லது. ஜியோஃபைபர் பெட்டி இருக்கும் வீட்டில் பெரும்பாலும் 192.168.29 என்று தொடங்கும். வேறு வீட்டில் 192.168.0 என்றோ 10 என்றோ தொடங்கலாம். எதில் தொடங்கினாலும் பரவாயில்லை, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை என்று அர்த்தம். கேபிளைப் பிடுங்கிச் செருகுங்கள், அல்லது ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். அது சரியாகும் வரை கீழே உள்ள எதுவும் உதவாது.

டெஸ்க்டாப் 192.168.1.10, லேப்டாப் 192.168.0.15 என்று வந்தால்? உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருக்கின்றன. இது இப்போது மிகச் சாதாரணம். ஃபைபர் கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போன பெட்டியே ஒரு ரவுட்டர். மாடியில் சிக்னல் வரவில்லை என்று நாம் கடையில் வாங்கி மாட்டியது இன்னொன்று. இரண்டாவதன் 'வான்' போர்ட்டில் (இன்டர்நெட் உள்ளே வருவதற்கான துளை) கேபிளைச் செருகியிருந்தால், அது தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். இன்டர்நெட் இரண்டிலும் ஜோராக ஓடுவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. இந்த அமைப்பில் ஒரு விசித்திரமும் உண்டு. உள் ரவுட்டரில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து வெளி ரவுட்டரில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு எண்ணை அடித்துப் போய்விட முடியும், ஆனால் திரும்பி இந்தப் பக்கம் வர முடியாது. 'நேற்று இதிலிருந்து அது திறந்ததே' என்று குழம்புவதற்கு இதுவே போதும். தீர்வு எளிது: இரண்டாவது ரவுட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்கு ஐபி எண் வழங்கும் வசதி) நிறுத்திவிட்டு, கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட் (வீட்டுக் கணினிகளுக்கான துளை) ஒன்றில் செருகுங்கள். அதன் பிறகு வீடு முழுக்க ஒரே நெட்வொர்க்.

இன்னும் இரண்டு இடங்களில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. விருந்தாளிகளுக்கென்று வைத்த கெஸ்ட் வைஃபையில் லேப்டாப் இருந்தால் மற்ற கணினிகளைத் தொட முடியாது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். சில ரவுட்டர்களில், வைஃபை கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாமல் தடுக்கும் 'ஏபி ஐசொலேஷன்' என்ற ஒரு டிக் இருக்கும். அது போடப்பட்டிருந்தால் மெயின் வைஃபையிலும் இதே கதிதான். அடுத்தது ஆபீஸ் லேப்டாப். ஆபீஸ் நெட்வொர்க்கோடு இன்டர்நெட் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் அதில் ஓடிக்கொண்டிருக்கும்போது, பல லேப்டாப்களில் வீட்டுக் கணினிகள் மறைந்துபோகும். அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

டெஸ்க்டாப்பில் செய்ய வேண்டியவை

இந்த வேலையை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டால் வருடக்கணக்கில் தொட வேண்டியதில்லை.

1. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராப்பர்ட்டீஸ். அங்கே 'நெட்வொர்க் ப்ரொஃபைல் டைப்' என்று இருக்கும். அதை 'பிரைவேட் நெட்வொர்க்' ஆக்குங்கள். 'பப்ளிக்' என்பதற்குப் பக்கத்தில் 'ரெக்கமண்டட்' என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கும். அந்தச் சிபாரிசு ரயில் நிலைய வைஃபைக்கும் லாட்ஜ் வைஃபைக்கும் பொருந்தும், நம் வீட்டுக்கு வேண்டாம். பப்ளிக்கில் இருக்கும் வரை, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவலாளியான ஃபயர்வால் யாரையும் உள்ளே விடாது.

2. அதே பகுதியில் 'அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்'. பிரைவேட் என்ற தலைப்பின் கீழ் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்' இரண்டையும் ஆன் செய்யுங்கள். பப்ளிக்கின் கீழ் இரண்டும் ஆஃப்பிலேயே இருக்கட்டும். 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்' ஆன் ஆகவே இருக்க வேண்டும். 'அதை ஆஃப் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்' என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். புது விண்டோஸில் அதனால் தொல்லை கூடுமே தவிரக் குறையாது. காரணம் பின்னால் வருகிறது.

3. இதற்கென்றே ஒரு பயனர் கணக்கு உண்டாக்குங்கள். பலரும் விட்டுவிடும் படி இதுதான், பாஸ்வேர்டுத் தொல்லைகளில் பெரும்பாலானவை இதில் தீர்ந்துவிடும். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுன்ட். மின்னஞ்சல் கேட்கும். 'அவருடைய சைன்-இன் விவரம் என்னிடம் இல்லை' என்று பொருள்படும் வரியைச் சொடுக்கி, அடுத்த திரையில் 'மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சேர்' என்ற வரியைச் சொடுக்குங்கள். ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னதாக ஒரு பெயர். கூடவே ஒரு பாஸ்வேர்டு. வெறுமையாக விட்டுவிடக் கூடாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் அனுமதிக்காது, அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தால் மட்டும்தான் விடும்.

ஏன் நம் சொந்தக் கணக்கே போதாது? பெரும்பாலோர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறோம், தினமும் நாலு இலக்கப் பின்னை அடித்து உள்ளே போகிறோம். அந்தப் பின் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே சொந்தம், நெட்வொர்க்கில் செல்லாது. லேப்டாப்பில் பாஸ்வேர்டு கேட்கும்போது பின்னை அடித்து அடித்து விரல் வலிக்கும். மின்னஞ்சலையும் முழுப் பாஸ்வேர்டையும் கொடுத்தால் திறக்க வேண்டும்தான். ஆனால் அந்தப் பாஸ்வேர்டு யாருக்கு ஞாபகம் இருக்கிறது? தனிக் கணக்கு இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. உங்கள் மெயில் பாஸ்வேர்டைப் பையனின் லேப்டாப்பில் சேமித்து வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

4. ஷேர் செய்ய ஒரு புது ஃபோல்டர். டி டிரைவில், மேல்மட்டத்திலேயே உண்டாக்குங்கள். 'டாக்குமென்ட்ஸ்', 'பிக்சர்ஸ்' போன்றவற்றை அப்படியே ஷேர் செய்தால் யூசர்ஸ் ஃபோல்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் நீளமான பாதை வந்துவிடும். ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங் என்ற டேப், 'ஷேர்' என்ற பட்டன். இப்போது உண்டாக்கிய பயனரைத் தேர்ந்து 'ஆட்'. பக்கத்தில் 'ரீட்' அல்லது 'ரீட்/ரைட்'. படம் பார்க்க மட்டும் என்றால் ரீட் போதும்.

பக்கத்திலேயே 'அட்வான்ஸ்டு ஷேரிங்' என்றும் ஒரு பட்டன் இருக்கும். அதில் போனால் பாதி அனுமதிதான் அமையும். விண்டோஸில் இரண்டு பூட்டுகள் உண்டு: ஷேருக்கான அனுமதி ஒன்று, 'செக்யூரிட்டி' டேப்பில் இருக்கும் டிஸ்க் அனுமதி ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். சாதாரண 'ஷேர்' பட்டன் இரண்டையும் சேர்த்தே அமைத்துவிடும். அட்வான்ஸ்டு முதலாவதை மட்டும் தொடும். அங்கே 'எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்' என்று டிக் போட்ட பிறகும் 'ஆக்சஸ் டினைடு' வந்தால் இரண்டாவது பூட்டு திறக்கவில்லை.

ஷேருக்குப் பெயர் வைக்கும்போது கடைசியில் $ குறி சேர்த்தால் அது எந்தப் பட்டியலிலும் தெரியாது, பெயரை முழுதாக அடித்தால்தான் வரும். ஒளித்து வைக்க உதவுமே தவிர, பாதுகாப்பு என்று அதை நம்ப வேண்டாம்.

5. டெஸ்க்டாப் தூங்கிவிட்டால் யாரும் உள்ளே போக முடியாது. செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் போய் கரண்டில் இருக்கும்போது ஸ்லீப் 'நெவர்' ஆக்குங்கள். திரை அணைவதில் பிரச்சினை இல்லை.

லேப்டாப்பிலிருந்து திறப்பது

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேலே இருக்கும் முகவரிப் பட்டையில், ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டு, இரண்டு பின்சாய்வுக் கோடுகளோடு டெஸ்க்டாப்பின் எண்ணை அடியுங்கள்:

\\192.168.1.10

என்டர். பெயர், பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வரும். அங்கே மூன்றாவது படியில் உண்டாக்கிய பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள், 'ரிமெம்பர்' டிக்கையும் போடுங்கள். ஷேர் செய்த ஃபோல்டர் தெரிந்துவிடும். 'நெட்வொர்க்' பட்டியலில் டெஸ்க்டாப் இன்னமும் தெரியாமல் இருக்கலாம். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் மறுபடி மறுபடி கேட்டால், பயனர் பெயருக்கு முன்னால் டெஸ்க்டாப்பின் கணினிப் பெயரையும் ஒரு பின்சாய்வையும் சேர்த்து அடித்துப் பாருங்கள். அந்தப் பயனர் தன்னிடம் இருப்பவரா, டெஸ்க்டாப்பில் இருப்பவரா என்று லேப்டாப் குழம்புவதுண்டு. கணினிப் பெயர் செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பகுதியில் மேலே இருக்கும். அது 15 எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருப்பது நல்லது. கடையில் வாங்கியபோது இருந்த குப்பைப் பெயரை அப்படியே வைத்திருந்தால், இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள்.

தினமும் வேண்டும் என்றால் அந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து 'மேப் நெட்வொர்க் டிரைவ்'. இசட் என்றோ எக்ஸ் என்றோ ஓர் எழுத்தைத் தேர்ந்து 'ரீகனெக்ட் அட் சைன்-இன்' டிக் போட்டால், சி, டி போல அதுவும் ஒரு டிரைவாக நின்றுவிடும். லேப்டாப்பைப் போட்டவுடன் 'எல்லா நெட்வொர்க் டிரைவ்களையும் இணைக்க முடியவில்லை' என்று ஒரு செய்தி வந்து பயமுறுத்தும். வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் தேடிவிடுவதுதான் காரணம். டிரைவின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும் இருக்கும். சொடுக்கினால் திறந்துவிடும்.

இதில் ஒரு பலவீனம்: ரவுட்டர் அணைந்து எழுந்தால் டெஸ்க்டாப்பின் எண் மாறிவிடலாம். பிரௌசரில் ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து 'டிஎச்சிபி ரிசர்வேஷன்' அல்லது 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் டெஸ்க்டாப்புக்கு அந்த எண்ணையே நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள்.

பட்டியலில் ஏன் தெரிவதில்லை?

தெரியாமலே வேலை நடக்கிறது என்றாலும் காரணம் தெரிந்துகொள்வதில் ஒரு திருப்தி இருக்கிறது.

எக்ஸ்பி காலத்தில் ஒரு நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தும். நிஜமாகவே அதற்குத் தேர்தல் என்றுதான் பெயர். ஜெயித்த கணினி எல்லோருடைய பெயரையும் பட்டியல் போட்டு வைத்திருக்கும். அந்த ஏற்பாடு எஸ்எம்பி என்ற ஃபைல் பகிர்வு முறையின் முதல் பதிப்பின் மேல் நின்றது. 2017 மே மாதம் வானாகிரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை அதே வருடம் மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த வருடம் அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 சேர்ந்து வருவதில்லை. அதோடு பழைய பட்டியலும் போயிற்று. விண்டோஸ் 7-இல் வந்த 'ஹோம்குரூப்' வசதியையும் 2018-இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே ஹோம்குரூப்பில் சேரச் சொல்லும் எந்தக் குறிப்பையும் படிக்காமல் தாண்டிவிடலாம்.

இப்போது ஒவ்வொரு கணினியும் 'நான் இருக்கிறேன்' என்று தானே அறிவிக்க வேண்டும். அறிவிக்கும் வேலையைச் செய்வது 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்ற ஒரு சர்வீஸ். அது ஓடாவிட்டால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கணினி பட்டியலில் வராது. டெஸ்க்டாப்பின் ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, எஃப் எழுத்தில் இந்தப் பெயரைக் கண்டுபிடித்து, ஸ்டார்ட் செய்து, 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். அதற்கு மேலேயே 'ஃபங்ஷன் டிஸ்கவரி ப்ரொவைடர் ஹோஸ்ட்' இருக்கும், அதற்கும் அப்படியே. ஓரிரு நிமிடத்தில் லேப்டாப்பில் டெஸ்க்டாப் தலைகாட்டும். பாதிப் பேருக்கு இது போதும். மீதிப் பேருக்கு, தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸின் ஃபயர்வால் தடுத்துக்கொண்டிருக்கும். அதன் செட்டிங்ஸில் வீட்டு நெட்வொர்க்கை 'டிரஸ்டட்' என்று குறித்துவிட வேண்டும்.

பிழைச் செய்திகளும் அவற்றின் அர்த்தமும்

*80070035 என்று முடியும் எண், 'நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை'.* டெஸ்க்டாப் தூங்குகிறது, அல்லது எண் மாறிவிட்டது, அல்லது அது பப்ளிக்கில் இருக்கிறது. இந்த வரிசையிலேயே பாருங்கள். ஃபைல் பகிர்வு 445 என்ற போர்ட் வழியாகப் போகிறது (இது கேபிள் செருகும் துளை அல்ல, கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்). பப்ளிக்கில் ஃபயர்வால் அதை மூடி வைத்திருக்கும்.

*'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைகள் கெஸ்ட் அனுமதியைத் தடுக்கின்றன'.* வீட்டுக் கணினியில் எந்த நிறுவனம் வந்தது என்று திகைக்க வேண்டாம். பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தாளியாக நுழையப் பார்க்கிறீர்கள், விண்டோஸ் மறுக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து இதுதான் இயல்பு. பாஸ்வேர்டு பாதுகாப்பை ஆஃப் செய்ய வேண்டாம் என்று மேலே சொன்னதன் காரணம் இதுவே. இந்தத் தடையை நீக்கும் ரெஜிஸ்ட்ரி வித்தைகள் நிறையக் கிடைக்கும். தனிக் கணக்கும் பாஸ்வேர்டும் வைத்துக்கொண்டால் அவை எதுவும் தேவைப்படாது.

*1219.* ஒரே கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பயனர் பெயர்களில் போக முடியாது என்று சொல்கிறது. முன்பு எப்போதோ வேறு பெயரில் நுழைந்தது இன்னும் உயிரோடு இருக்கிறது. சைன் அவுட் செய்து மறுபடி வந்தால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்', அதில் 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' திறந்து டெஸ்க்டாப்பின் பெயரிலோ எண்ணிலோ இருக்கும் பதிவை நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகு உள்ளே விடாமல் போவதற்கும் மருந்து இங்கேதான். அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி: இதுவரை பெயரால் போயிருந்தால் எண்ணால் போங்கள், எண்ணால் போயிருந்தால் பெயரால் போங்கள். விண்டோஸ் அவற்றை இரண்டு வெவ்வேறு கணினிகளாகவே எடுத்துக்கொள்கிறது.

*'காலாவதியான எஸ்எம்பி 1 தேவைப்படுகிறது'.* பழைய ரவுட்டரின் பின்னால் யுஎஸ்பி ஹார்டுடிஸ்கைச் செருகி ஷேர் செய்திருப்பவர்கள் அடிக்கடி பார்ப்பது. விண்டோஸில் அதைத் திரும்ப ஆன் செய்ய வழி இருக்கிறது, செய்யாதீர்கள். அந்த ஹார்டுடிஸ்கை டெஸ்க்டாப்பிலேயே மாட்டி அங்கிருந்து ஷேர் செய்யுங்கள். அப்படிச் செய்யும்போது 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் அதற்கு ஓர் எழுத்தை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். கழற்றி மாட்டும்போது எழுத்து மாறினால் ஷேரும் காணாமல் போகும்.

போன், டிவி, மேக், லினக்ஸ்

ஐபோனில் தனி ஆப் வேண்டாம். 2019-இல் வந்த ஐஓஎஸ் 13-இலிருந்து 'ஃபைல்ஸ்' ஆப்பிலேயே இருக்கிறது: பிரௌஸ் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு 'கனெக்ட் டு சர்வர்'. எண்ணை அடித்து, 'ரெஜிஸ்டர்டு யூசர்' என்பதைத் தேர்ந்து பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் சாம்சங் போன்களின் 'மை ஃபைல்ஸ்'ஸில் நெட்வொர்க் ஸ்டோரேஜ் சேர்க்க இடம் உண்டு. மற்ற போன்களுக்கு எஸ்எம்பி தெரிந்த ஏதாவதொரு ஃபைல் மேனேஜர் ஆப் வேண்டும். படம் பார்க்க மட்டும் என்றால் விஎல்சி போதும், அதன் பிரௌஸ் பகுதியே உள்ளூர் நெட்வொர்க்கைத் துழாவி எடுத்துக்கொடுக்கும். ஆண்ட்ராய்டு டிவியிலும் நான் சிபாரிசு செய்வது விஎல்சிதான். தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் கணினிகளுக்கிடையே பிசகில்லாமல் போகும், சில பழைய டிவிகளில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்டும் கே-வும் சேர்த்து அழுத்தினால் முகவரி கேட்கும் பெட்டி வரும். இங்கே பின்சாய்வு செல்லாது. எஸ், எம், பி என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகள், ஒரு கோலன், இரண்டு முன்சாய்வு, பிறகு எண். எதிர்த்திசையில், மேக்கின் ஃபோல்டரை விண்டோஸில் திறக்க வேண்டுமானால் ஃபைல் ஷேரிங்கின் ஆப்ஷன்ஸில் 'விண்டோஸ் ஃபைல் ஷேரிங்' என்பதன் கீழ் உங்கள் கணக்குக்கு டிக் போட்டாக வேண்டும். அந்த டிக் விட்டுப்போனால் எந்தப் பாஸ்வேர்டும் செல்லாது.

லினக்ஸில் ஃபைல்ஸ் ஆப்பின் 'அதர் லொகேஷன்ஸ்' அல்லது 'நெட்வொர்க்' பகுதியில் இதே முகவரியை அடிக்கலாம். லினக்ஸ் கணினியிலிருந்து ஷேர் செய்ய உதவுவது 'சம்பா' என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் மாணவராக இருந்தபோது, 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது. அதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: லினக்ஸில் லாகின் செய்யும் பாஸ்வேர்டு வேறு, சம்பாவின் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைத் தனியாக வைத்தாக வேண்டும்.

வேகம், பாதுகாப்பு

4 ஜிபி படம் ஒன்றைக் காப்பி செய்ய ஆறு நிமிடம் ஆகிறது, வினாடிக்கு 11 எம்பி-யில் முள் நின்றுவிட்டது என்றால் இடையில் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது (எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்). ஜிகாபிட்டில், அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸில், இதே படம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். ரவுட்டரின் லேன் போர்ட் 100-தானா என்று பாருங்கள். அது ஜிகாபிட்டாக இருந்தும் வேகம் ஏறாவிட்டால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஜிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். கேபிள் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு மாறினாலே வித்தியாசம் தெரியும்.

எல்லோரும் கவனிக்க வேண்டிய ஒன்று: நெட்வொர்க் வழியாக ஒரு ஃபைலை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. லேப்டாப்பிலும் இருக்காது, டெஸ்க்டாப்பிலும் இருக்காது. 'நிரந்தரமாக அழிக்கவா?' என்ற கேள்விக்குக் கை பழக்கத்தில் 'யெஸ்' தட்டினால் கல்யாண ஆல்பம் போயே போயிற்று. அதனால்தான் போட்டோ ஃபோல்டரை ரீட் அனுமதியோடு மட்டும் ஷேர் செய்யச் சொல்கிறேன். போனிலிருந்து ஏதாவது போட வேண்டுமென்றால் பக்கத்திலேயே 'வரவு' மாதிரி ஒரு சின்ன ஃபோல்டரை ரீட்/ரைட்டாக வைத்து, பிறகு டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து இடம் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பில் ரான்சம்வேர் புகுந்தால் அது மேப் செய்த டிரைவ்களுக்குள்ளும் போய்ப் பூட்டும். ரீட் மட்டும் இருந்தால் அங்கே அதன் கை நீளாது.

வெளியூரிலிருந்து வீட்டு ஃபைலைப் பார்க்க ஆசைப்பட்டு ரவுட்டரில் 445-ஐ இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடி உலகம் முழுக்க எந்நேரமும் துழாவிக்கொண்டே இருக்கிறார்கள். வெளியிலிருந்து வேண்டுமென்றால் விபிஎன் அமைத்து உள்ளே வாருங்கள், வேறு குறுக்குவழி வேண்டாம்.

பிரின்டரைப் பொறுத்தவரை என் கருத்து: வைஃபை உள்ள பிரின்டரைக் கணினி வழியாக ஷேர் செய்யாமல் நேரே ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். 2021-இல் 'பிரின்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளிவந்த பிறகு ஷேர் செய்த பிரின்டர்களுக்கு விண்டோஸ் கெடுபிடியைக் கூட்டிவிட்டது. யுஎஸ்பி மட்டுமே உள்ள பழைய பிரின்டர் என்றால் வேறு வழியில்லை, முதல் தடவை டிரைவரை லேப்டாப்பில் நீங்களே நிறுவிவிட்டு, பிறகு ஷேரைச் சேருங்கள்.

கடைசியாக, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்கும் இடம். டெஸ்க்டாப்பின் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்', அதில் 'ஷேர்டு ஃபோல்டர்ஸ்'. 'ஷேர்ஸ்' என்பதில் நீங்கள் எப்போதோ ஷேர் செய்து மறந்தவைகூட இருக்கும். $ குறியோடு முடியும் சில விண்டோஸே தனக்காக வைத்துக்கொண்டவை, அவற்றைத் தொட வேண்டாம். மற்றவற்றில் தேவையில்லாததை ரைட் கிளிக் செய்து 'ஸ்டாப் ஷேரிங்' கொடுத்தால் ஷேர் மட்டும் போகும், ஃபோல்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். 'செஷன்ஸ்' என்பதில் இப்போது இணைந்திருக்கும் கருவிகளின் எண்கள், 'ஓபன் ஃபைல்ஸ்' என்பதில் எந்த ஃபைல் திறந்திருக்கிறது என்பது. ஒரு ஃபைலை அழிக்கவோ பெயர் மாற்றவோ விடாமல் 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று டெஸ்க்டாப் அடம் பிடித்தால் இங்கே பாருங்கள். பெரும்பாலும் ஹால் டிவியில் யாரோ படத்தைப் பாதியில் நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள்.